13 முத்திரை போட்ட பள்ளிக்கூட காமெடி: 12 வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

செந்தூல்_அம்மா, கோலாலம்பூர்

வணக்கம். வரும் சனிக்கிழமை என் மகளின் தோழிக்குப் பிறந்தநாள். வீடு செத்தாப்பாக்கில். கேக் வெட்டி, மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து படம் பார்ப்பார்களாம். தோழியின் அம்மா வாட்சாப்பில் அனுப்பிய அழைப்பிலேயே படத்தின் போஸ்டரும் இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப்பள்ளியில் நடக்கும் காமெடி. இங்கே தியேட்டரில் 13 முத்திரையோடு ஓடியது, இப்போது ஓடிடியில் கிடைக்கிறது.

மகளுக்கு 12, ஆறாம் ஆண்டு. 12 வயதில் எடுக்கும் அடையாள அட்டையான மைகார்டு எடுத்த நாளிலிருந்து "இனிமேல் நான் பெரிய ஆள்" என்று ஒரே அலம்பல். விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலாம் படிவம், 13 வயதுக்காரர்கள். அந்த வீட்டில் மூன்றாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவனும் இருக்கிறான். அவனை மட்டும் அறைக்குள் போய் விளையாடு என்று அனுப்பப்போவதில்லை, எல்லாரோடும்தான் உட்காருவான்.

டிரெய்லர் பார்த்தேன். பாட்டும் கூத்துமாகப் பளிச்சென்று இருக்கிறது. டிரெய்லரை நம்பி என்ன முடிவு எடுக்க முடியும்? வீட்டுக்காரரைக் கேட்டால் "நாம பார்க்காத படமா" என்கிறார். நாம் பார்த்தது நமக்குத் தெரியும், அதனால்தானே பயமாக இருக்கிறது.

படத்தின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் அந்தக் கதாநாயகியைப் பற்றிப் பேசியே இழை ஓடிவிடும். கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது, இந்த மாதிரிப் படத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்பதுதான்.

ஜெலுத்தோங்காரன், பினாங்கு

தணிக்கை வாரியமே 13 என்று போட்டிருக்கிறது. பிள்ளைக்கு 12. ஒரு வருடத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? விடுங்கள் அக்கா.

பழைய_புரொஜெக்டர், ஜார்ஜ்டவுன்

தம்பி ஜெலுத்தோங், அவ்வளவு சுலபமாக விட முடியாது. நான் தியேட்டர் வேலையில் தலை நரைத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நம் ஊரில் 18க்கே நாலு வால் இருந்தது. 18எஸ்ஜி என்றால் பேய், வெட்டுக்குத்து. 18எஸ்எக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். 18பிஏ என்றால் அரசியல், சமயம். எல்லாம் கலந்து வந்தால் 18பிஎல். எதற்காக 18 என்று போஸ்டரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். 2010இல் அந்த வால்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் 18 ஆக்கினார்கள். அதன் பிறகு ரொம்ப நாள் யூ, பி13, 18 என்று மூன்றுதான். 2023 ஆகஸ்டில் பி13ஐ எடுத்துவிட்டு பி12, 13, 16 என்று பிரித்தார்கள். பி12 என்றால் 12க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் துணை வேண்டும். 13, 16 என்றால் அந்த வயதும் அதற்கு மேலும். இப்போது வயது தெளிவாக இருக்கிறது. என்ன காரணத்துக்காக 13 என்பது மட்டும் எண்ணில் தெரியாது.

இதைவிட முக்கியமான விஷயம் வேறு. அந்த 13 எந்தப் பிரதிக்குக் கொடுத்தது? தியேட்டரில் ஓடிய பிரதிக்கு. வாரியம் ஒரு படத்தை அப்படியே விடலாம், வெட்டிவிட்டு விடலாம், விடாமலும் இருக்கலாம். வெட்டிவிட்டு விடுவதைத்தான் நாங்கள் லுலுஸ் டெங்ஙான் உபாஹான் என்போம். முத்தம், உடம்பு, கெட்ட வார்த்தை எல்லாம் போன பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்த 13. ஓடிடிக்கு வருவது பெரும்பாலும் வெட்டாத பிரதி. அதை உள்துறை அமைச்சின் வாரியம் முன்கூட்டிப் பார்த்து முத்திரை போடுவதில்லை. ஓடிடியில் தெரிகிற வயது அந்த நிறுவனமே போட்டுக்கொண்டது. போஸ்டர் ஒன்றுதான், படம் இரண்டு.

பாயான்பாரு_மாலினி, பினாங்கு

எந்தப் படம் என்று புரிந்துவிட்டது. குயின்ஸ்பே மாலில் என் இரண்டு பெண்களோடும் பார்த்தேன். பெரியவளுக்கு 15, சின்னவளுக்கு அப்போதுதான் 13. கூசிப்போகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் படம் சட்டென்று தாவியது, வெட்டியிருக்கிறார்கள் போல. மற்றபடி ஜாலியான படம். வீட்டுக்கு வந்து சின்னவள் இரண்டு நாள் அந்த டான்ஸை ஆடிக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவு_ரிமோட், பத்துமலை

மாலினி அக்கா, அந்தத் தாவலுக்குள் என்ன இருந்தது என்று சொல்லவா? நான் வீட்டில் முழுப் பிரதியைப் பார்த்தவன்.

நீச்சல் வகுப்பு முடிந்து பெண்கள் உடை மாற்றும் அறை. கதாநாயகியின் கூட்டத்துப் பெண்கள் மூன்று பேர், கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பெண்ணின் துணிகளை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். அவள் குளித்துவிட்டு வந்து தேடுகிறாள். கடைசியில் ஒரு சின்னத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வர, அதையும் ஒருத்தி இழுத்துவிடுகிறாள். இன்னொருத்தி போனில் எடுக்கிறாள். அடுத்த காட்சியில் நடைபாதையில் எல்லார் கையிலும் போன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பின்னணியில் துள்ளல் இசை.

நீங்கள் தியேட்டரில் பார்த்தது துண்டோடு அவள் கதவைத் திறப்பது, அடுத்த நொடி நடைபாதைச் சிரிப்பு. நடுவில் உள்ள சில நொடிகளை எடுத்துவிட்டார்கள். சிரிப்பை முழுசாக விட்டுவிட்டார்கள்.

பாயான்பாரு_மாலினி, பினாங்கு

ஐயோ. துண்டோடு வந்ததற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள், நானும்தான்.

ஜெலுத்தோங்காரன், பினாங்கு

சரி, அந்த இடம் வரும்போது ஓட்டிவிட்டால் போச்சு. ரிமோட் எதற்கு இருக்கிறது? எங்கள் அப்பா காலத்தில் ரிமோட் கூட இல்லை, முத்தக்காட்சி வந்தால் எழுந்து போய் டிவி முன்னால் நிற்பார். நாங்கள் கெட்டா போய்விட்டோம்?

ஆறாம்ஆண்டு_டீச்சர், சிலாங்கூர்

ஜெலுத்தோங் அண்ணா, ஓட்டிவிட்டால் தியேட்டர் பிரதி கிடைக்கும். அவ்வளவுதான். உடம்பு போகும், அந்தப் பெண் அவமானப்பட்டதைப் பார்த்துக் கூட்டம் சிரிப்பது அப்படியே இருக்கும். எனக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

வகுப்பில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். முத்தக்காட்சியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை கூச்சப்பட்டுச் சிரிக்கும், பக்கத்தில் இருப்பவளிடம் குசுகுசுக்கும், மறந்துவிடும். கேலியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை அதைச் செய்து பார்க்கும். திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழைந்தாலே எந்தப் படம் பார்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். யாருக்காவது புதுப் பட்டப்பெயர் விழுந்திருக்கும். ஒரு மாணவி கண்டீனுக்கே போகாமல் ஓய்வு நேரம் முழுக்க நூல்நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று விசாரித்தால், ஒரு படத்தில் வந்த குண்டுப் பாத்திரத்தின் பெயரை வைத்து வகுப்பே அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தப் படத்துக்கு யூ சான்றிதழ்.

இன்னொன்று. படத்தில் அந்தப் பெண்கள் செய்ததை இங்கே ஒரு பிள்ளை செய்தால் விளையாட்டு இல்லை. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 நம்மிடம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே எல்லாரும் அந்தச் சட்டப்படி சிறார்தான். உடம்பு தெரியும் அப்படிப்பட்ட போட்டோவை எடுப்பது, வைத்திருப்பது, அனுப்புவது மூன்றும் போலீஸ் வரைக்கும் போகும். வகுப்பு வாட்சாப் குழுவில் 'ஃபார்வர்ட்' அழுத்துகிற 12 வயதுக்கு இது தெரியாது. படமோ அதற்குத் துள்ளல் இசை போட்டுக் காட்டுகிறது.

நெறியாளர்

மேலே ஒருவர் போட்ட டெலிகிராம் இணைப்பை நீக்கிவிட்டேன். திருட்டுப் பிரதிக்கு இங்கே இடமில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்று பேசும் இழையில் அதைப் போடத் தோன்றியதே, அதற்கு ஒரு கும்பிடு.

ஜெலுத்தோங்காரன், பினாங்கு

டீச்சர் சொல்வது புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளைக்காரன் படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? தீபாவளிக்கு ஆஸ்ட்ரோ டிவியில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறோமே தமிழ்ப் படம், அதில் என்ன வாழ்கிறது? கறுப்பாக இருந்தால் காமெடி, குண்டாக இருந்தால் காமெடி, வழுக்கைத் தலையில் தட்டினால் காமெடி. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே சுற்றுவது காதல். பாட்டி முதல் பேரன் வரை கைதட்டிப் பார்க்கிறோம். யாரும் இழை தொடங்குவதில்லை.

பழைய_புரொஜெக்டர், ஜார்ஜ்டவுன்

தொடங்காமல் என்ன? 2003இல் ஷங்கரின் 'பாய்ஸ்' வந்தபோது நடந்த அமளி உனக்கு ஞாபகம் இல்லையா? வயசுப் பிள்ளைகளை வைத்து எடுத்த படம். தமிழ்நாட்டில் ஆபாசம் என்று பத்திரிகைகள் கிழித்தன, இங்கேயும் வீட்டுக்கு வீடு பேச்சு. ஆனால் கவனித்துப் பார், அப்போது எல்லாரும் கோபப்பட்டது பையன்கள் பேசிய பேச்சுக்கும் வசனத்துக்கும். நீ சொல்கிற கறுப்பு, குண்டு சமாச்சாரத்துக்கு எந்தக் காலத்திலும் யாரும் போஸ்டரைக் கிழித்ததில்லை. அந்த மட்டில் நீ சொல்வது சரிதான்.

செந்தூல்_அம்மா, கோலாலம்பூர்

ஜெலுத்தோங் தம்பி சொன்னது சுருக்கென்று தைத்தது. எங்கள் வீட்டில் மகள் கொஞ்சம் நிறம் குறைவு. கலர் ஜோக் வரும் இடத்தில் அவள் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள், திரையை இல்லை. நாங்கள் சிரிக்கிறோமா என்று.

திரைப்பித்து, பெட்டாலிங் ஜெயா

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது விவாதம். வெளிநாட்டு முத்திரைகளை எப்படிப் படிப்பது என்று நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13, அதாவது 13க்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பெற்றோர் யோசித்து விடுங்கள் என்ற எச்சரிக்கை. அந்தப் பிரிவு 1984இல் வந்தது. அங்கே கணக்கு எப்படி என்றால், எல்லாருக்கும் தெரிந்த அந்த நாலெழுத்து ஆங்கில வசவு ஒரு தடவை வந்தால் பிஜி-13இல் இருக்கலாம். அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் ஆர். உடலுறவைக் குறித்து அந்தச் சொல் வந்தால் ஒரே தடவையிலேயே ஆர். ஆர் என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. எண்ணக்கூடியதை எண்ணுகிறார்கள். சிரிப்பு எந்தப் பக்கம் நின்று வருகிறது என்பதை எண்ண வழியில்லையே.

இதனால் வரும் கோணலுக்கு ஒரே ஓர் உதாரணம். 2018இல் 'எய்த் கிரேடு' என்று ஒரு படம். கதாநாயகிக்கு 13 வயது. போனும் கையுமாக, பேச ஆள் இல்லாமல் தவிக்கும் பெண். அவளை ஓர் இடத்தில்கூடப் படம் கேலி செய்யவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கிடைத்த முத்திரை ஆர். வசவும், பாலியல் பேச்சும், போதைப்பொருளும் வருவதால். ஆக 13 வயதுப் பெண்ணைப் பற்றிய படத்துக்கு 13 வயதுப் பெண் தனியாகப் போக முடியாது. தயாரிப்பு நிறுவனம் அந்த ஆகஸ்டில் ஒரு நாள், அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு தியேட்டர் பிடித்து, வயது கேட்காமல் இலவசமாகப் போட்டுக் காட்டியது. மறுபக்கம், குண்டுப் பெண்ணின் துண்டை இழுக்கும் நம் படத்துக்கு பிஜி-13. வசவு ஒன்றே ஒன்றுதான், துண்டு விழும்போது கேமரா முதுகுப் பக்கம்.

பெற்றோருக்கான தளங்கள் உதவும், ஆனால் எதற்கு எது என்று தெரிந்து போக வேண்டும். ஐஎம்டிபியில் பெற்றோர் வழிகாட்டிப் பகுதி இருக்கிறது. உடலுறவு, வன்முறை, வசவு, மது, பயம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பார்வையாளர்களே எழுதுவது, அதனால் ஆளுக்கு ஓர் அளவு. கிட்ஸ்-இன்-மைண்ட் தளம் பாலியல், வன்முறை, வசவு மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று எண் கொடுத்து, காட்சி காட்சியாகப் பட்டியல் போடும். படிக்கவே போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கும். காமன் சென்ஸ் மீடியாவில் அவர்கள் வயது சொல்வதோடு, பெற்றோர் ஒரு வயதும் பிள்ளைகள் ஒரு வயதும் சொல்லியிருப்பார்கள். நான் முதலில் பிள்ளைகள் எழுதியதைத்தான் படிப்பேன். 'அந்தப் பெண்ணுக்காகப் பாவமாக இருந்தது' என்று ஒரு பிள்ளையாவது எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொள்வேன். பிரிட்டனில் படங்களுக்கு வயது முத்திரை போடும் பிபிஎஃப்சி அமைப்பின் தளத்தில் ஏன் அந்த வயது என்று சின்னப் பத்தியாக எழுதுகிறார்கள், பாகுபாடு பற்றிய கேலி இருந்தால் அதையும் சொல்வார்கள்.

நான் படம் பார்த்து முடித்ததும் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன். கேலி செய்யப்பட்ட ஆளுக்குப் படத்தில் ஒரு பெயர் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, தனியாக ஒரு காட்சியாவது இருக்கிறதா? ஜோக்குக்கு மட்டும் வந்து போனால் எனக்கு அந்தப் படம் பிள்ளைகளுக்கு வேண்டாம், யூ போட்டிருந்தாலும் சரி.

படிவம்5, சுங்கை டுவா

வணக்கம் அங்கிள், ஆன்டி எல்லாருக்கும். இங்கே வயதில் சின்னவன் நான்தான் என்று நினைக்கிறேன், 17.

1) அந்த உடை மாற்றும் அறைக் காட்சி டிக்டாக்கில் எப்போதோ வந்துவிட்டது. இசையோடு, முன்னும் பின்னும் இல்லாமல். உங்கள் பிள்ளை பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

2) தயவுசெய்து கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன் பேர்வழி என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். என் அம்மா அப்படித்தான். "இது சரியா, தப்பா, சொல்லு" என்பார். அப்புறம் நான் அவரோடு எந்தப் படமும் பார்க்கவில்லை, அறைக்குள் போய் ஹெட்போன் போட்டுக்கொண்டேன்.

ஆறாம்ஆண்டு_டீச்சர், சிலாங்கூர்

தம்பி, உன் அம்மா என் வேலையைச் செய்திருக்கிறார். நாங்களே பள்ளி முடிந்தால் அதை நிறுத்திவிடுவோம்.

ஆனால் அவன் சொல்வது நியாயம். கூட இருந்தால் போதும், பேச வேண்டியதில்லை. சிரிக்காமல் இருந்தாலே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். மேலே செந்தூல் அக்கா சொன்னாரே, மகள் அவர் முகத்தைப் பார்ப்பாள் என்று.

செந்தூல்_அம்மா, கோலாலம்பூர்

நேற்று இரவு முழுப் பிரதியை நானே உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்காரரும் கூட. அவர் பாதியில் தூங்கிவிட்டார், அது அவருடைய விமர்சனம்.

வசவு பரவாயில்லை. காதல் காட்சியும் பரவாயில்லை, அதைவிட மோசமான பாட்டுகளுக்கு இவள் பள்ளி விழாவில் ஆடியிருக்கிறாள். அந்தத் துண்டுக் காட்சிகூட எப்படியோ தாங்கிவிடலாம், தப்பு என்று பிறகு காட்டுவார்கள் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். காட்டவில்லை. கடைசி நடன விருந்தில் கதாநாயகி வந்து "நாங்கள் சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தோம்" என்கிறாள். அந்தப் பெண் உடனே சிரித்து, கட்டிப்பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாரோடும் ஆடுகிறாள். அவளுக்கு ஒரு அம்மா இருப்பதாகக்கூடப் படத்தில் தெரியவில்லை. திரைப்பித்து கேட்ட மாதிரி பெயரைத் தேடினேன். ஒரே ஒரு தடவை ஆசிரியர் வருகை எடுக்கும்போது வருகிறது.

என் பிள்ளை இன்னும் இரண்டு வருடம் கழித்துப் பார்க்கட்டும், அப்போது கூட உட்கார்ந்து நானும் பார்ப்பேன். 12 வயதில், பத்துப் பிள்ளைகள் கூட்டமாகச் சிரிக்கும் ஹாலில் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் இருக்க எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்?

இப்போது அடுத்த தலைவலி. அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நல்ல மனுஷி. 'உங்கள் படம் சரியில்லை' என்றால் 'உங்கள் வளர்ப்பு சரியில்லை' என்று கேட்கும். மகளை அனுப்பாமல் இருந்தால் அவள் மூஞ்சியை ஒரு மாதத்துக்குப் பார்க்க முடியாது.

பாயான்பாரு_மாலினி, பினாங்கு

அனுப்பாமல் இருக்காதீர்கள், பாவம். குழுவில் போடவும் வேண்டாம், குழுவில் போட்டால் பஞ்சாயத்து ஆகிவிடும். தனியாக அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"அக்கா, சனிக்கிழமைக்கு மகள் இப்போதே சட்டை எடுத்து வைத்துவிட்டாள். படத்தை நேற்று நாங்கள் வீட்டில் பார்த்தோம். தியேட்டரில் வந்ததைவிட ஓடிடியில் கூடுதலாகச் சில காட்சிகள் இருக்கின்றன, உடை மாற்றும் அறையில் ஒன்று கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. தம்பியும் கூட இருப்பான் அல்லவா, நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன். வேறு படம் வேண்டுமென்றால் நான் இரண்டு மூன்று சொல்கிறேன். கேசரி நான் செய்து கொண்டுவருகிறேன்."

தியேட்டர் பிரதி வேறு என்று சொன்னால் அவர் தப்பு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். உண்மையும் அதுதானே.

நள்ளிரவு_ரிமோட், பத்துமலை

கேசரியில்தான் சூட்சுமம் இருக்கிறது.

செந்தூல்_அம்மா, கோலாலம்பூர்

மாலினி, அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன். கேசரியை மட்டும் பருப்புப் பாயசமாக மாற்றினேன். "ஐயோ அக்கா, நான் போஸ்டரைப் பார்த்துத்தான் போட்டேன், மகள்தான் கேட்டாள்" என்று குரல் பதிவு வந்தது. இன்று இரவு பார்க்கிறாராம். என்ன முடிவு எடுப்பாரோ அவர் வீடு, அவர் விருப்பம். படம் அதுவேதான் என்றால் மகளைக் கேக் வெட்டும் வரை விட்டுவிட்டு, படம் தொடங்கும் முன் கூட்டிவந்துவிடுவேன். மகளிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது. கதவைப் படாரென்று சாத்தினாள்.

ஜெலுத்தோங்காரன், பினாங்கு

நான் இன்னமும் இது கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்வேன். கதவைச் சாத்திய பிள்ளை டிக்டாக்கில் பார்க்கத்தான் போகிறது. ஆனால் இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எந்தப் படம் போடுவது என்று எனக்கே இப்போது குழப்பமாகிவிட்டது. யாரையும் தட்டாத, திட்டாத தமிழ் காமெடி ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நெறியாளர்

அதற்குத் தனி இழை போடுங்கள், அது சீக்கிரம் முடியாது.

பட்டர்வொர்த்_சித்தப்பா, செபராங் பிறை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அண்ணன் மகன் என் நெட்பிளிக்ஸில்தான் எல்லாம் பார்க்கிறான். ஒரு குறிப்பிட்ட படத்தை மட்டும் அவனுக்குத் தெரியாமல் வைக்க வழி உண்டா?

பழைய_புரொஜெக்டர், ஜார்ஜ்டவுன்

உண்டு. அவனுக்குத் தனி புரொஃபைல் போட்டுக்கொடு. பிரவுசரில் உன் கணக்குக்குள் போய், அவன் புரொஃபைலில் பார்வைக் கட்டுப்பாட்டைத் திற. வயது வரம்பு வைக்கலாம், படத்தின் பெயரைத் தட்டி அதை மட்டும் தடுக்கவும் செய்யலாம். பிறகு உன் புரொஃபைலுக்கு நாலு இலக்க ரகசிய எண் போட்டுப் பூட்டு. அதைச் செய்யாவிட்டால் அவன் உன் புரொஃபைலுக்குள் நுழைந்து நிம்மதியாகப் பார்ப்பான். பிறந்த வருடத்தை ரகசிய எண்ணாக வைக்காதே, அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.